ஏர்கோனை இப்போது மாற்ற வேண்டாம், தம்பி

ஈசூன், சிங்கப்பூர்,
டிசம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. கரண்டு பில் ஏறிவிட்டது, ஏர்கோனை மாற்றலாமா என்று கேட்டு நீ அனுப்பிய பில்லையும் மின்சார ஆப்பில் எடுத்த படங்களையும் பார்த்துவிட்டேன். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், "மீட்டிங்கில் இருக்கிறேன் அப்பா, அப்புறம் பேசுகிறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏர்கோனை இப்போது மாற்ற வேண்டாம். அந்த ஏர்கோன் கடைக்காரர் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே. மூன்று அறையின் குளிரூட்டிக்கும் சேர்த்து 3,600 வெள்ளி, 24 மாதத் தவணை, வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறார். மாதம் 150 வெள்ளி. வட்டி இல்லாவிட்டாலும் தவணை தவணைதான். உன் கையில் அந்த மாதம் பணம் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்காது.

கடைக்காரர் சொல்வதும் பொய்யில்லை. 2016ல் நீங்கள் பொங்கோலுக்குக் குடிபோனபோது நான் நின்று மாட்டிக்கொடுத்த மெஷின் அது. மின்சிக்கன முத்திரையில் ஐந்து டிக் வாங்கிய இன்றைய மெஷின் அதைவிடக் குறைவாகத்தான் கரண்டு இழுக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார். உங்கள் வீட்டில் ஏர்கோனுக்கு மட்டும் மாதம் 350 யூனிட் போகிறது என்று வைத்துக்கொள். புது மெஷினால் அதில் கால் பங்கு மிச்சமானாலும் 90 யூனிட்டுக்குள்தான். வரியோடு சேர்த்து யூனிட் ஏறக்குறைய 30 காசு. மாதம் 26 வெள்ளி, வருடத்துக்கு 315. போட்ட 3,600 திரும்பி வரப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் புதியதும் பழசாகிவிடும். மெஷின் ரிப்பேராகி நின்றுபோனால் மாற்றுவது வேறு விஷயம். ஓடுகிற மெஷினைக் கழற்றி எறிய இது காரணமே இல்லை.

மின்சிக்கனப் பொருள் வாங்க அரசாங்கம் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள் என்று அவர் அவசரப்படுத்துவதாகச் சொன்னாய். அந்தப் பற்றுச்சீட்டு 2027 டிசம்பர் 31 வரை செல்லும். எந்த அவசரமும் இல்லை. ஃபிரிட்ஜ் வாங்கியபோது அதில் எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று மட்டும் பார்த்து வை.

இப்போது உன் பில்லுக்கு வருகிறேன். நீ வெள்ளியைப் பார்க்கிறாய், யூனிட்டைப் பார்க்கவில்லை. ஒரே தாளில் தண்ணீர், கேஸ், குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருகிறது. அக்டோபரில் அரசாங்கத்தின் யூ-சேவ் கட்டணக் கழிவு வந்ததால் அந்த மாதம் குறைந்தது போலத் தெரிந்தது. குறையவில்லை. ஜனவரியில் மறுபடி கழிவு வரும், அப்போதும் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. மின்சார யூனிட்டை மட்டும் தனியாக எழுதி வை. கரண்டு, தண்ணீர்க் கணக்கு எழுதும் நம் வீட்டு பியூபி நோட்டு இன்னும் டிவிக்குக் கீழேதான் இருக்கிறது, அம்மா மாதம் தவறாமல் எழுதுகிறாள்.

உங்களுக்கு முன்பு 400 யூனிட் போல ஆகும். இப்போது 600. கூடுதல் 200 யூனிட், 60 வெள்ளி. அது எங்கே போகிறது என்று கேட்டாய் அல்லவா? அரை மணிக்கு ஒரு கோடாக ஆப்பில் வருகிறதே, அதிலேயே இருக்கிறது. மெஷின் பழுதானதால் கரண்டு ஏறினால் இரவிலும் ஏறும், பகலிலும் ஏறும், சனி ஞாயிறும் ஏறும். உன் படத்தில் இரவுக் கோடுகள் போன வருடம் இருந்த அதே உயரத்தில் இருக்கின்றன. சனி ஞாயிறும் அப்படியே. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும், காலை ஒன்பதுக்கு ஏறி மாலை ஆறுக்கு இறங்குகிறது. செப்டம்பரிலிருந்து. மணிக்கு ஒரு யூனிட் என்றால் அது ஹால் மெஷின்தான், குளிரூட்டும் திறன் 18,000 பிடியு. நாளுக்கு ஒன்பது யூனிட், 22 வேலை நாளுக்கு 198. நீ தேடிய 200 யூனிட் அதுதான். இந்த மழையிலும் அது குறையவில்லை.

மருமகள் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுகிறாள். உன் மகள் குட்டியும் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறாள். பகலில் வீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றால் நல்லதுதான், எம்ஆர்டி அலைச்சல் மிச்சம். அப்படியானால் ஹாலில் உட்காராதே. ஹாலைக் குளிர வைப்பதற்கு அடுப்படியையும் சேர்த்துக் குளிர வைக்க வேண்டியிருக்கிறது. குட்டியின் அறையில் இருப்பது 9,000 பிடியு. மேசையை அங்கே போட்டு, கதவைச் சாத்தி, 26ல் வைத்து, மின்விசிறியையும் போட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் மிச்சமாகும். மின்விசிறி ஏர்கோன் இழுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. அந்த அறைக்கு மேற்கு வெயில் கிடையாது, அதுவும் நல்லது. உங்கள் படுக்கையறையில்தான் மூன்று மணிக்கு மேல் வெயில் சுவரைச் சுட்டுவிடும். பகலில் அங்கே கனமான திரையை இழுத்துவிட்டு வை, இரவில் மெஷினுக்குப் பாடு குறையும்.

ஹீட்டர் விஷயமும் கேட்டிருந்தாய். அதையும் மாற்ற வேண்டாம். கடைக்காரர் சொன்ன ஹீட் பம்ப் ஹீட்டர் நல்ல பொருள்தான், சாதாரண ஹீட்டர் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இழுக்கும். ஆனால் அதற்குத் தொட்டி வேண்டும், வைக்க இடம் வேண்டும், விலையும் அதிகம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் குளிக்கும் வீடா உன் வீடு? உன்னிடம் இருப்பது இன்ஸ்டன்ட் ஹீட்டர், 3.3 கிலோவாட். பத்து நிமிடக் குளியலுக்கு அரை யூனிட், 16, 17 காசு. குளிக்காத நேரத்தில் அது ஒன்றும் இழுக்காது. தொட்டி ஹீட்டர் வைத்திருக்கிறவர்கள் சுவிட்சை அணைக்க மறந்தால் நாள் முழுக்கச் சூட்டைக் காக்கவே கரண்டு போகும், உனக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

அந்த ஹீட்டர் கோடும் படத்தில் தெரிகிறது. காலை ஆறேகாலுக்கு ஒன்று, மருமகளுடையது. ஏழேகாலுக்கு இன்னொன்று முன்பெல்லாம் இருக்கும். இப்போது அந்த நேரத்தில் இல்லை. பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாய் போலிருக்கிறது. உடம்புக்கு நல்லதுதான், ஆனால் மழைக்காலம், தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு. சின்ன வயதிலிருந்தே உனக்கு சளி பிடித்தால் லேசில் விடாது.

மாற்றுவதற்குப் பதிலாக செய்ய வேண்டியது சர்வீஸ். ஃபில்டரை நீயே கழற்றிக் கழுவலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். உள்ளே காயிலில் அழுக்குப் படிந்திருந்தால் கெமிக்கல் வாஷ் வேண்டும், அதை நான் பார்த்துச் சொல்கிறேன். வெளியே கம்ப்ரசர் முன்னால் எதையும் வைக்காதே. போன தடவை வந்தபோது குட்டியின் பழைய சைக்கிள் பெட்டி அங்கே சொருகியிருந்தது. சூட்டை வெளியே தள்ள முடியாவிட்டால் அது திணறித் திணறி அதிகக் கரண்டு இழுக்கும். அப்புறம், யாராவது வந்து "கேஸ் குறைந்துவிட்டது, டாப்-அப் செய்யலாம்" என்றால் உடனே தலையாட்டாதே. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்தது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த வருடம் மறுபடி காசு கேட்பார்கள்.

மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றப்போவதாகவும் சொன்னாய். மலிவாக இருந்தால் மாறு, தப்பில்லை. ஆனால் 24 மாத ஒப்பந்தம் வேண்டாம், இடையில் விட்டால் பணம் கட்டச் சொல்வார்கள். 2021 கடைசியில் நாங்கள் மாறிய நிறுவனம் தொழிலை விட்டுப் போனதும், அம்மா அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் விளக்கு அணைந்துவிடுமோ என்று பயந்ததும் உனக்கு நினைவிருக்கும். விளக்கு அணையவில்லை, பழைய எஸ்பி மின் நிறுவனத்துக்கே திரும்பிவிட்டோம். நான் சொல்வது ஒன்றுதான். இந்த வருடமும் அடுத்த வருடமும் எந்தத் தாளிலும் நீளமாகக் கையெழுத்துப் போடாதே. ஏர்கோன் தவணை, மின்சார ஒப்பந்தம், கார் பேச்சு, எதுவும் வேண்டாம்.

நான் ஏர்கோன் வேலைக்கு வந்த கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 1985ல் நான் வேலை பார்த்த கப்பல் யார்டில் ஆள் குறைத்தார்கள். நாட்டுக்கே அந்த வருடம் பொருளாதாரம் இறங்கியது. எங்கள் பகுதியில் பாதிப் பேர் போனோம். அக்கா அப்போது கைக்குழந்தை. எல்லாருக்கும் நடந்தது என்று தெரிந்தும் எனக்கு மட்டும் ஏதோ குறை இருந்தது போல மனம் அடித்துக்கொண்டது. தாத்தா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் போனபோது நேவல் பேஸில் அவருக்கும் அதுதான் நடந்தது, அவருக்குத் தெரியும். மாதம் ஒரு அரிசி மூட்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார். நான் விஐடிபி தொழிற்பயிற்சி வாரியத்தில், இப்போது ஐடிஈ என்கிறோமே, அங்கே இரவு வகுப்பில் சேர்ந்து ஏர்கோன் படித்தேன். அக்கா கல்யாணமும் உன் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பில் வந்த சோறுதான். யார்டிலேயே இருந்திருந்தால் இவ்வளவு செய்திருப்பேனா தெரியாது. வேலை போனதால் நான் யாருக்கும் குறைந்து போகவில்லை, தாத்தாவும் குறைந்து போகவில்லை. ஏர்கோன் பேச்சில் இதுவும் வந்துவிட்டது, எழுதியதை அடிக்க மனம் இல்லை.

உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோப்பிக்கடையில் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உன் அலுவலகத்தின் பெயர் எனக்கு சரியாக வாயில் வராது, அதை வைத்து நான் பெருமைப்பட்டதும் இல்லை. முதல் சம்பளத்திலிருந்து இன்று வரை ஒன்றாம் தேதி தவறாமல் அம்மா கணக்கில் 300 வெள்ளி போடுகிறாயே, அதுதான். இந்த மாதமும் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து அதைக் கொஞ்ச காலம் நிறுத்திவை. எங்களுக்கு சிபிஎஃப் சேமநிதிப் பணம் மாதம் வருகிறது, போதும். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், ஏர்கோன் சர்வீசுக்கு வேண்டும் என்று கேட்டான் என்பேன். நீ போட்டால் நான் திருப்பி அனுப்புவேன், எனக்கும் இப்போது பேநவ்வில் பணம் அனுப்பத் தெரியும்.

ஆனால் தீபாவளிக்கு வந்தவன் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டாய். அம்மா அன்றைக்கு முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மெலிந்தும் இருந்தாய். மருமகளிடம் எல்லாவற்றையும் பேசுகிறாய் அல்லவா? எங்களிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளிடம் எதையும் மறைக்காதே. அக்காவுக்கு மூட்டு வலி தேவலை. ஜொகூர் சித்தப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

மெஷின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு, மூன்று அறைக்கும், வெளியே கம்ப்ரசருக்கும். மாடல் எண் தெரிந்தால் வேண்டிய சாமானோடு வருவேன். ஏணி உன் வீட்டில் இருக்கிறது. சனி ஞாயிறு குட்டிக்கு நீச்சல் வகுப்பு, உங்களுக்கும் ஓய்வு வேண்டும், அதனால் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். ஃபில்டரைக் கழுவி, காயிலைப் பார்க்க மதியம் வரை ஆகும். அம்மா மீன் குழம்பு கொடுத்துவிடுவாள், இரண்டு பேருக்குப் போதும். அன்றைக்கு வசதிப்படாது என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா