மைனருக்கு இரண்டு வால்வு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. பதில் எழுதாததற்கு நான் சொல்லக்கூடிய சாட்டு எதையும் நீ நம்பப்போவதில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழையை ஒரு நாள் முந்திச் சொல்கிறது. இனி விஷயம்: அப்பாவின் மொறிஸ் மைனர் காருக்கு முன் சில்லுகளில் டிஸ்க் பிரேக் பூட்டிவிட்டேன். பர்மிங்காமில் இருந்தபடி நீ திட்டுவது இங்கே கேட்கிறது, கொஞ்சம் பொறு.

பதுளையிலிருந்து திரும்பும்போது, லுணுகலை தாண்டிப் பிபிலைக்கு இறங்கும் வளைவுகளில், மிதித்த பெடல் மிதித்தபடியே கீழே போய்விட்டது. பிரேக் ஒயில் ஒழுகவில்லை, சில்லோடு சுழலும் ட்ரம் சூடேறி விரிந்து, உள்ளிருந்து அதை உரசி நிறுத்தும் சூவை விட்டு விலகிப்போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் கியரும் ஹேண்ட்பிரேக்கும் காப்பாற்றின. 1958ஆம் ஆண்டு வண்டிக்கு நான்கு சில்லிலும் ஏழு அங்குல ட்ரம்தான், 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதுதான் முன்பக்கத்தை எட்டு அங்குலமாக்கினார்கள். “இந்தக் கார் பிரேக் தேவைப்படும் வேகத்துக்கு வராது” என்று அப்பா சொல்வாரே, அவர் மலையில் ஓட்டியதில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன். டிஸ்க் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, ஆனால் எல்லாம் ஜப்பான் வண்டிகளுடையது. நான்கு ஆணித் துவாரங்களும் அமைந்த வட்டம் அவற்றில் 100 மில்லிமீற்றர். மைனரில் நான்கு அங்குலம், அதாவது 101.6. கடைக்காரர், “ஒன்றரை மில்லிமீற்றர்தானே தம்பி, தட்டினால் ஏறும்” என்றார். தட்டி ஏற்றிய சில்லோடு என்னைக் கல்லடிப் பாலத்தில் நினைத்துப் பார். கடைசியில் காத்தான்குடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நானாதான் கைகொடுத்தார். அந்த ஜப்பான் டிஸ்கிலேயே பழைய துவாரங்களுக்கு இடையே புதிதாக நான்கைத் துளைத்து, நடுத்துவாரத்தை ஹப்புக்கு இசைவாகக் கடைந்து, டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரைத் தாங்க 12 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை வெட்டித் தந்தார். சில்லின் விளிம்புக்கும் கலிப்பருக்கும் இடையில் என் சுண்டுவிரல் போகிறது, பெருவிரல் போகாது.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். களுவாஞ்சிக்குடிவரை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டால், குருக்கள்மடத்தை அடைவதற்குள் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பதுபோல வண்டி திணறியது. இறங்கிப் பார்த்தேன்: கருகிய வாடை, டிஸ்கின் ஓரம் மயில் கழுத்துப்போல நீலம். பிரேக்கை நான் மிதிக்கவே இல்லை, மச்சான். குற்றவாளி, பெடலை மிதித்தால் ஒயிலைக் குழாய்வழியே சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். ட்ரமுக்கென்று செய்த அந்தச் சிலிண்டரின் அடியில், குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் ஒரு வால்வு உண்டு. ட்ரமில் அதைச் சமாளிக்க, சூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் இருக்கிறது. கலிப்பரில் அது இல்லாததால் உள்ளிருக்கும் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது.

நானா அந்த வால்வைக் கழற்றி எறிந்தார். மறுநாள் காலையில் முதல் மிதிக்குப் பெடல் வெறுமையாகப் போய், இரண்டாம் மிதிக்குத்தான் பிடித்தது. மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் கிடப்பது உனக்குத் தெரியும். கலிப்பர் அதைவிட உயரத்தில் இருப்பதால் இரவு முழுவதும் ஒயில் பின்னுக்கு இறங்கிவிடுகிறது.

மிதிக்கக் கால் வலிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. முன் ட்ரமில் இரண்டு சூவும் சுழற்சியோடு சேர்ந்து தாமாகவே இறுகும். டிஸ்குக்கு அந்தக் குணம் இல்லை. எட்டில் ஏழு அங்குல உள்விட்டமுள்ள சிலிண்டரை மாற்றி முக்கால் அங்குலத்தைப் போடச் சொல்கிறார் நானா. அதே மிதிக்கு அழுத்தம் 36 சதவீதம் கூடும் என்பது உண்மை; ஆனால் அதே அளவுக்குப் பெடல் பயணமும் நீளும், கலிப்பரோ ட்ரமைவிடக் கூடுதல் ஒயில் கேட்கிறது. பெடல் தரையில் முட்டும் என்று நான் சொல்ல, “படிச்ச ஆக்கள்” என்று அவர் முனக, மூன்று நாள் பேச்சில்லை. இப்போது சமாதானம்: சிலிண்டர் அப்படியே இருக்கும், பிறகு மிதிக்கு வலுக் கூட்டும் பூஸ்டர் ஒன்றைப் பூட்டுவோம்.

ஆகவே உனக்கு ஒரு வேலை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது, ஒயில் பின்னுக்கு இறங்காமல் குழாயில் பூட்டும் வால்வு இரண்டு வாங்கி வா: சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அழுத்தம் நிறுத்துவது ஒன்று, முன் டிஸ்குக்கு, 10 இறாத்தல் நிறுத்துவது ஒன்று, பின் ட்ரமுக்கு. மாற்றி வாங்கிவிடாதே, நீல டிஸ்க் ஒன்று ஏற்கெனவே போதும். சொக்லேட் வேண்டாம், இடத்தை வால்வுக்கு வை.

பழைய ட்ரம்கள் பத்திரமாகக் கட்டிலுக்கடியில் சாக்கில் இருக்கின்றன. நீ வந்து மனம் பொறுக்காமல் அழுதால் ஒரே நாளில் திருப்பிப் பூட்டலாம். சாக்கைப் பற்றி உன் தங்கச்சி சொல்வதை நேரில் கேட்டுக்கொள்.

வால்வு வரும்வரை வண்டி வாசலில்தான் நிற்கிறது. சில்லுக்குக் கல் வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்