அந்தப் பின்னேர ஆராதனையை மூட விடாத மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன், பதில் பிந்திப்போச்சு எண்டு கோவிக்காத, இங்க ஈஸ்டர் முடிஞ்ச கையோட அடுத்தடுத்து செத்தவீடு, அதோட நீ கேட்ட விசயம் போன்ல ரெண்டு வசனத்தில சொல்லி முடிக்கிற விசயமும் இல்ல, அதான் இருந்து எழுதுறன், ஆறுதலா வாசி. அக்காட முழங்கால் இப்ப எப்படி? அம்மாவை நான் கேட்டதா சொல்லு.

மட்டக்களப்புப் படுவான்கரைச் சபையில ஞாயிறு பின்னேர ஆராதனைக்கு ஏழெட்டுப் பேர்தான் வாறாங்க, சேகரக் கூட்டத்தில, அதான் பக்கத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்த கூட்டத்தில, அந்த ஆராதனையை மாசம் ஒருக்கா ஆக்கலாம், இல்லாட்டி நிப்பாட்டலாம் எண்டு கதைக்கிறாங்க, நீயும் களைச்சுப்போனன் எண்டு சொன்னாய். அதைக் கேட்டதில இருந்து எனக்கு மனசு அங்கதான் கிடக்கு. அதுக்குப் பதில் சொல்ல முதல் இங்கத்தைய கதையைச் சொல்லோணும், ஏனெண்டா என்ர பதிலே இந்தத் தீவுக்குள்ளதான் இருக்கு.

நான் போதகரா இருக்கிற இந்த அன்டிகுவா, கரீபியன் கடல் தீவு, பெரிய இடம் இல்ல, 280 சதுர கிலோமீட்டர்தான், ஆனா எங்கட மெதடிஸ்த ஆலயங்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கு, போதகர்மார் கொஞ்சப்பேர். எந்த ஞாயிறும் எனக்கு ஒரு இடத்தில, மிஞ்சினா ரெண்டு இடத்தில நிக்கத்தான் ஏலும், மிச்ச இடமெல்லாம் லோக்கல் பிரீச்சர்மார்தான், பட்டம் வாங்காத சபைப் பிரசங்கிமார், நடத்துறாங்க, ரிட்டயர்ட் ரீச்சர், நேர்ஸ், பஸ் ஓட்டுற ஒருத்தர் எண்டு. நான் உனக்குச் சொல்லப்போறது கிழக்குப் பக்கத்தில இருக்கிற சின்னச் சபையைப் பற்றி. பழைய கரும்புக் காணி, பாதையால போகேக்க காத்தாலை ஓட்டின கல்லுக் கோபுரங்கள் தலையில்லாம நிக்கும், தீவு முழுக்க அப்படி நூறுக்கு மேல நிக்குது, எல்லாம் அடிமைகளின்ர கையால கட்டினது. சபையில அனேகம் அறுபது தாண்டின பொம்பிளைகள், அவங்கட பேரப்பிள்ளைகள். இடைப்பட்ட வயசுக்காரர் நியூயோர்க், டொரொன்டோ, லண்டன். ஊரில யாரும் செத்தா பிள்ளைகள் ரிக்கட் எடுத்து வந்து சேருமட்டும் கிழமைக்கணக்கில உடலை வச்சிருப்பாங்க, அடக்க ஆராதனையில தான் ஆலயம் நிறையும், பிறகு எயார்போட்டுக்கு வான் போகும், அடுத்த ஞாயிறு பழையபடி அதே முகங்கள். இது உனக்குப் புதுசில்ல, எங்கட ஊரிலயும் இதுதானே நடக்குது.

அந்தச் சபையில ஒரு அம்மா இருக்கிறா, எண்பது தாண்டிட்டுது, கிளாஸ் லீடர். மெதடிஸ்தத்தைத் தொடக்கின வெஸ்லி ஐயர் காலத்து கிளாஸ் முறை, சபையாரைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு ஒராள் பாத்துக்கொள்ளுற முறை, எங்கட பக்கம் பேருக்குத்தான் இருக்கு, இங்க அவ அதை உயிரோட வச்சிருக்கிறா. கட்டம் போட்ட ஒரு கொப்பி, ஒவ்வொரு பேருக்கு நேரயும் ஒரு வரி, வராதவங்களுக்கு ஒரு சின்ன வட்டம், அந்த வட்டம் விழுந்த வீட்டுக்கெல்லாம் திங்கள் பின்னேரம் பொல்லை ஊண்டிக்கொண்டு போவா, போக ஏலாட்டி போன் எடுப்பா. இன்னொண்டு சொல்லோணும். இந்தத் தீவில வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கித்தான் பைப்பில விடுறாங்க, அதுவும் முறை வச்சு. அதனால வீடுகள், ஆலயங்கள் எல்லாத்திலயும் கூரைத் தண்ணியை தொட்டியில சேர்ப்பாங்க. ஆராதனைக்கு முதல் அவ தொட்டி மூடியைத் தூக்கி, கயித்தில கட்டின தடியை உள்ள விட்டு எடுத்து, எவ்வளவு நனைஞ்சிருக்கு எண்டு விரலால தடவிப் பார்ப்பா. பார்த்திட்டு உள்ள வந்து மழைக்கு ஜெபிப்பா. அப்படி ஒரு மழை ஜெபம் நான் வேற எங்கயும் கேட்கேல்ல மச்சான். 2014, 15 வரட்சியில இங்கத்தைப் பெரிய அணையான பொட்வேர்க்ஸே வத்திப்போன தீவு இது.

போன வருஷம் ஒரு ஞாயிறு பேய் மழை, றோட்டுக்கு மேலால தண்ணி, எனக்கும் போக ஏலாமப் போச்சு, பிரீச்சருக்கும் போக ஏலாமப் போச்சு. பின்னேரம் அவவுக்கு போன் எடுத்து ஆராதனை நடக்கேல்லத்தானே எண்டு கேட்டன். ஏன் நடக்காம எண்டா. மணி அடிச்சிருக்கிறா, சங்கீதம் வாசிச்சிருக்கிறா, கீபோட் இல்லாமலே நாலு குரலில பாட்டு, காணிக்கை எடுத்து எண்ணிக் கொப்பியில பதிஞ்சும் வச்சாச்சு. வந்தது ஆறு பேர். அவ அதைப் பெரிய காரியமாச் சொல்லேல்ல, தொட்டி நிறைஞ்சிட்டுது எண்டுதான் சந்தோசமாச் சொன்னா.

அந்தத் துணிவு அவவுக்கு எங்க இருந்து வந்தது எண்டு தேடினா, இந்தத் தீவு மெதடிஸ்த சபையின்ர தொடக்கத்துக்கே போகோணும். நத்தானியேல் கில்பர்ட் எண்டு இங்க ஒரு தோட்ட முதலாளி, சட்டசபை சபாநாயகர். இங்கிலாந்துக்குப் போன இடத்தில 1758ல வெஸ்லி ஐயர் அவர் வீட்டில பிரசங்கம் பண்ணினவர், கில்பர்ட்டின்ர அடிமைகள் ரெண்டு பேருக்கு ஞானஸ்நானமும் குடுத்தவர். கில்பர்ட் திரும்பி வந்து 1760 அளவில தன்ர வீட்டில அடிமைகளைக் கூட்டிப் பிரசங்கம் பண்ணத் தொடங்கினார். அவரும் அடிமைகளை வச்சிருந்தவர்தான், அதை மறைச்சு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது, அந்தக் கல்லுக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு சொல்லவும் ஏலாது. 1774ல அவர் செத்துப்போனார். போதகர் இல்ல, ஆதரிக்க ஆளில்ல, கேட்கவும் ஆளில்ல. அப்ப சபையைக் கலையவிடாமப் பிடிச்சு வச்சது ரெண்டு பொம்பிளைகள், மேரி அலி, சோபியா கம்பெல். இரவில ஜெபக் கூட்டம், கிளாஸ், எல்லாம் அவங்கதான். 1778ல இங்கிலிஷ் ஹாபர் கப்பல் பட்டறைக்கு ஜோன் பக்ஸ்டர் எண்டு ஒரு கப்பல் தச்சர் வந்தார், அவரும் பட்டம் வாங்கின போதகர் இல்ல, பகல் வேலையை முடிச்சிட்டுப் பிரசங்கத்துக்குப் போறவர். அவருக்கு ஒரு சபை கையில கிடைச்சதெண்டா அந்த ரெண்டு பேராலதான்.

இனித்தான் எங்கட பங்கு வருது, கவனமா வாசி. 1786ல வெஸ்லி ஐயரோட வேலை செய்த தோமஸ் கோக் ஐயர் மூண்டு மிஷனரிமாரோட இப்ப கனடாவில இருக்கிற நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏறினார், புயல் அடிச்சு அடிச்சு கப்பல் கடைசியில அன்டிகுவாவுக்கு வந்து ஒதுங்கினது கிறிஸ்மஸ் அண்டைக்கு விடிய. தலைநகர் சென்ற் ஜோன்ஸ் தெருவால நடந்து போகேக்க எதிர்ல பக்ஸ்டர், ஆராதனைக்குப் போய்க்கொண்டு இருக்கிறார். உள்ள போனா ஆயிரத்து ஐநூறுக்கு மேல அங்கத்தவர் உள்ள சபை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு மிஷன் வேலை அண்டைக்குத்தான் பெருசாத் தொடங்கினது. அதே கோக் ஐயர்தான் கடைசிக் காலத்தில இலங்கைக்கு எண்டு கப்பல் ஏறினது, 1814 மே 3 இந்து சமுத்திரத்தில கபினுக்குள்ளயே இறந்துபோனார், கடலிலதான் அடக்கம். அவரோட வந்தவங்கதான் ஜூன் 29 காலியில இறங்கினது, அதில ஒராள் வில்லியம் ஓல்ட் ஐயர், எங்கட மட்டக்களப்புக்கு வந்தவர், ஒரு வருஷம் முடியமுதல் அங்கயே செத்துப்போனவர். நாங்க ரெண்டு பேரும் படிச்ச மெதடிஸ்த சென்றல் கல்லூரி அவர் வச்ச பள்ளிக்கூடம்.

இப்ப யோசி. எங்கட ஊருக்கு மெதடிஸ்தம் வர 54 வருஷத்துக்கு முதலே இந்தச் சனம் அதில நிண்டது. கோக் ஐயர் அண்டைக்கு உள்ள போகேக்க ஒரு வெறுங்கட்டிடம் கிடந்திருந்தா அவர் இந்தத் தீவுகளில மனசை வச்சிருப்பாரோ, பிறகு இலங்கையில வச்சிருப்பாரோ, எனக்குத் தெரியாது, ஆனா அந்தக் கேள்வி என்னை விடுதில்ல. நான் இங்க ஒண்டும் கொண்டுவந்து குடுக்கேல்ல மச்சான், அவங்க காத்து வச்சிருந்த இடத்தில நான் திருவிருந்து பரிமாறுறன், அவ்வளவுதான்.

வருஷப் பிறப்பு நடுச்சாம ஆராதனையிலயும் இதையேதான் உணர்ந்தன். 1834 யூலை 31 இரவு, விடிஞ்சா அடிமைகளுக்கு விடுதலை, மெதடிஸ்த ஆலயங்கள் எல்லாத்திலயும் சனம் கூடி இருந்ததாம், பன்னிரண்டு அடிக்கத் தொடங்க எல்லாரும் முழங்காலில, ஒரு சத்தம் இல்லையாம், பிறகுதான் எழும்பிக் கட்டிப்பிடிச்சுப் பாடினதாம். மற்றத் தீவுகள் கனக்கத்தில இன்னும் நாலு வருஷம் பழகுநர் எண்டு சொல்லி எஜமான்மாருக்கே வேலை செய்ய விட்டாங்க, அன்டிகுவாவில அண்டைக்கே முழு விடுதலை. இப்பவும் டிசம்பர் 31 இரவு மணி அடிக்கேக்க அந்த அம்மா முழங்காலில இருக்கிறா, எழுப்பிவிட ரெண்டு பேர் வேணும், எண்டாலும் முழங்காலிலதான்.

அதால என்ர பதில் இதுதான். நீ களைச்சிருந்தா ஓய்வெடு, அதில பிழை இல்ல, ஆனா ஆராதனையை மூட விடாத. ஏழெட்டுப் பேரில கோழி வளக்கிற அந்த அக்காவும் முன்பள்ளி ரீச்சரும் ஒரு கிழமையும் தவறவிடுறதில்ல எண்டு நீதான் சொன்னாய். சாவியை அவங்க கையில குடு. வாசிப்புப் பட்டியலைக் குடு, கிளாஸ் கொப்பி ஒண்டு வாங்கிக் குடு, பிரசங்கம் இல்லாத ஞாயிறு சங்கீதமும் சாட்சியும் ஜெபமும் போதும். போதகர் மாசம் ஒருக்கா வரட்டும், ஆனா கதவு எல்லா ஞாயிறும் திறக்கோணும்.

சாப்பாடு பற்றிக் கேட்டாய். சோளமாவும் வெண்டிக்காயும் போட்டுக் கிண்டி உருட்டுற பஞ்சி, கருவாட்டுக் கறி மாதிரி சோல்ற்பிஷ், பிறகு டுக்கானா, வத்தாளங் கிழங்கும் தேங்காயும் துருவி இலையில சுத்தி அவிக்கிறது, உன்ர மனிசிக்கு நல்லாப் பிடிக்கும், செய்முறையை அந்த அம்மாட்டக் கேட்டு அனுப்புறன். கிரிக்கெட் பவுலர் அம்ப்ரோஸைக் கண்டியா எண்டு உன்ர மகன் கேட்டவன், இன்னும் காணேல்ல, அவர்ட ஊர் சுவீற்ஸ் பக்கம் போனா கட்டாயம் படம் எடுத்து அனுப்புவன் எண்டு சொல்லு.

அடுத்த சேகரக் கூட்டம் எண்டைக்கு எண்டு உடன எழுது. அதுக்கு முதல் சேகரத்துக்குப் பொறுப்பான முகாமைக் குருவுக்கு நானும் ஒரு கடிதம் போடுறன், நீ அந்த ரெண்டு பேரையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, அவங்களே எழும்பிக் கதைக்கட்டும்.

உன்ர மச்சான்