மூடியைத் திறக்கும் முன் எடை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. முதுகுவலி குறைந்துவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்; மூத்தவனுக்கு வேலை மாற்றம், வீடு மாற்றும் அலைச்சல்.

சரி, உன் மகளின் கேள்விக்கு வருகிறேன். மக்னீசிய நாடாவைச் சூடாக்கினால் எடை கூடும் என்று புத்தகம் சொல்ல, அவளுக்குக் குறைந்துவிட்டதாமே. பெரும்பாலும் மூசையின் (நாடாவை வைத்துச் சூடாக்கும் சிறு கிண்ணத்தின்) மூடியை அதிக நேரம் திறந்து வைத்திருப்பாள். அப்போது எழும் வெண்புகை, பொடிப் பொடியான மக்னீசியம் ஆக்சைடு. அது பறந்தால் எடையும் கூடவே போய்விடும். மூடியை இடுக்கியால் அவ்வப்போது லேசாகத் தூக்கி, காற்று நுழைந்ததும் மூடிவிட வேண்டும். முழுதாக எரிந்தால் 2.4 கிராம் மக்னீசியம் சுமார் 4 கிராம் ஆக்சைடாகும். கூடிய 1.6 கிராமும் காற்றின் ஆக்சிஜன்தான்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, மனிதர்கள் இதைக் கண்டுபிடித்த கதை. உலோகம் எரிந்தால் எடை கூடுகிறது என்பது வெகுகாலமாகத் தெரியும். காற்றுதான் காரணம் என்று ழான் ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1630-லேயே எழுதிவிட்டார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. பிறகு ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி கண்ணாடிக் கலத்தில் உலோகத்தை அடைத்துச் சூடாக்கினார். கலத்தைத் திறந்த பிறகு எடை பார்த்தார், கூடியிருந்தது. நெருப்பின் துகள்கள் கண்ணாடியைத் துளைத்து உள்ளே போயிருக்கும் என்று 1673-இல் எழுதினார்.

1774-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வெள்ளீயத்தை அதேபோல் அடைத்துச் சூடாக்கினார். ஆனால் திறக்கும் முன்பே எடை போட்டார். மாற்றமே இல்லை! வெளியிலிருந்து நெருப்பு எதுவும் உள்ளே போகவில்லை. திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது, அப்புறம்தான் எடை கூடியது. உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியை உலோகம் எடுத்துக்கொண்டதால் வந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் அது பாய்ந்தது. எடை போடும் நேரத்தை மாற்றியதில் எவ்வளவு பெரிய விடை கிடைத்தது, பார்!

மகளிடம் இன்னொன்றும் சொல். கொஞ்சம் மக்னீசியம் நைட்ரஜனோடும் சேர்ந்துவிடும், அதனாலும் எடை குறைவாக வரும். மூசை ஆறியபின் சில துளி நீர் விட்டால் அந்தச் சேர்மம் சிதைந்து அம்மோனியா நெடி லேசாக வரும். மறுபடி நன்றாகச் சூடாக்கினால் ஆக்சைடு மட்டும் மிஞ்சும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, நிறுக்கட்டும். அவளுக்கு வந்த எண்களை மறக்காமல் எழுது.

அன்புடன்,
மணி