செல்லூர் அக்கா தம்பி, சிங்கப்பூர்

செல்லூர், மதுரை
அழகர் ஆற்றில் இறங்கிய மூன்றாம் நாள்

மாப்ள,

நான்கு மாதமாக நான் உன் போனை எடுக்கவில்லை. கோபம்தான். மார்கழியில் நீ கேட்டது மனதில் தைத்துவிட்டது: "பெத்த தாய்க்குச் செஞ்சா சரி. இட்லிக்கடை அக்காவுக்கு இன்னும் எத்தனை வருஷம்டா படியளப்ப?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். பையன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நடக்கச் சொன்னால் நடடா.

பத்து நாள் லீவு. அக்கா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன். நம் அறை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி. ஆற்றுப் பக்கமிருந்து இன்னும் கொட்டுச் சத்தம் கேட்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அக்காவுக்குக் கண்புரை என்று அவர் மகள் பாப்பா சொன்னதும் 30,000 ரூபாய் அனுப்பினேன். மாதாமாதம் போடுகிற 8,000 தனி. மாசியில் பாப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டாள், ஆபரேஷனுக்குச் செலவே ஆகவில்லையாம். அரவிந்த் கண் மருத்துவமனை முகாமில் பார்த்து, அவர்களே வண்டியில் கூட்டிப்போய், இலவசப் பிரிவில் செய்து, சாப்பாடும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே வைக்கிற லென்ஸை நம் மதுரையிலேயே ஆரோலேப் 1992-லிருந்து செய்வதால் அதுவும் பெரிய விலை இல்லை. சரி, அப்படியானால் பணம்? மூன்று வீட்டு மொய்ச் செய்முறைக்குப் போய்விட்டது. வீட்டுக்கு 10,001.

எனக்கு வந்த ஆத்திரம் உனக்கு வந்திருந்தால் நியாயம் என்பாய். "நான் அனுப்புற காசுக்குக் கணக்குக் கேட்கக் கூடாதாக்கா?" என்று கத்தினேன். "கேளு தம்பி" என்றார் அக்கா. அவ்வளவுதான். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் "சாப்பிட்டியா? சரி, வச்சிர்றேன்." இரண்டு மாதம் அப்படியே போனது. அவர் என்னை ஏசியிருக்கலாம். 1994-இல் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நாற்பது நாள் தன் வீட்டுத் திண்ணையில் போட்டு, கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்தவர் என்ன கணக்கு எழுதினார்? (அந்த நாற்பது நாளில் புரோட்டாப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தவன் நீ. தோசைக்கரண்டி ஞாபகம் இருக்கிறதா?)

இந்த முறை வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்றாவது தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனார். "மொய் நோட்டக் கொண்டாங்க" என்றார். அவர் காட்டிய வரியை அப்படியே எழுதுகிறேன்: "செல்லூர் இட்லிக்கடை அக்கா தம்பி, சிங்கப்பூர் – 10,001." மற்ற இரண்டு வீட்டிலும் அப்படித்தான். மைக்கில் வேறு சொல்லியிருக்கிறார்கள். "நாளைக்கு உன் மகன் கல்யாணத்துக்கு வந்து நிக்க ஆள் வேணாமா? நான் இல்லாட்டியும் இந்தத் தெருவுல பத்து வீட்டுல உனக்கு முறை இருக்கணும்ல" என்றார். தன் பெயரில் ஒரு ரூபாய்கூடச் செய்யவில்லை, மாப்ள.

இது உனக்குப் புரிய இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் அனுப்பும்போதெல்லாம் "பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்கும். அப்பா, அம்மா, மனைவி என்று வரிசை இறங்கும். நான் ஒவ்வொரு மாதமும் "நண்பர்" என்று தட்டுவேன், ஒவ்வொரு மாதமும் உறுத்தும். போன வருடம் சிம்மக்கல்லில் ஒரு ஆடிட்டரைக் கேட்டேன். கூடப்பிறந்தவன் எவ்வளவு கொடுத்தாலும் வருமான வரிக்காரர்கள் கேட்க மாட்டார்கள்; உறவு இல்லாதவர்கள் கொடுத்தது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் வாங்கியவரின் வருமானக் கணக்கில் சேரும் என்றார். அக்காவுக்கு வேறு வருமானம் இல்லாததால் வரி வராது. ஆனாலும் "நீங்க அவங்களுக்குச் சட்டப்படி யாரும் இல்ல சார்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னது இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அதே நேரத்தில் இங்கே பந்தலில் உட்கார்ந்து ஒருவர் என்னை அக்கா தம்பி என்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது என் கவலை. எனக்கு 53 ஆகிறது. அடுத்த வருடம் வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியாது. சம்பளம் நின்றால் 8,000-மும் நின்றுவிடும். அக்காவிடம் சொன்னேன். "அப்ப இங்க வந்துரு. உனக்கு நாலு இட்லி வைக்க மாட்டேனா?" என்கிறார். அவருக்கு எப்படியும் ஓடிவிடும், மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது, பாப்பாவும் வேலைக்குப் போகிறாள். பேத்திதான் கவலை. மூன்று வயது. தபால் ஆபீஸில் பாப்பாவைச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க வைத்துவிட்டேன். பதினைந்து வருடம் கட்ட வேண்டும். வருடம் 250 ரூபாயாவது கட்டினால்தான் கணக்கு உயிரோடு இருக்கும். என்னால் முடியாத வருடம் நீ கட்டுவாயா? படியளப்பு என்று நினைக்காதே. நீயும் அந்தத் திண்ணையில் சாப்பிட்டவன்.

ஆவணியில் அழகர்கோவிலில் பேத்திக்குக் காதுகுத்து. பாப்பாவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. "அவ அம்மா உக்காந்த மடியிலயே இவளும் உக்காரட்டும்" என்று அக்கா சொல்லிவிட்டார். என் மடியில் வைத்துப் பாப்பாவுக்குக் காது குத்திய அன்றைக்கு அவளை விட அதிகமாக அழுதவன் நீ. தேங்காய்த் தட்டைப் பிடிக்க இந்த முறையும் நீதான் வர வேண்டும். லீவு இல்லை, முட்டி வலிக்கிறது என்று எதுவும் சொல்லாதே.

அக்கா கீழேயிருந்து கேட்கிறார், நீ இன்னும் தக்காளிச் சட்னியை ஒதுக்கித்தான் வைக்கிறாயா என்று. என்ன சொல்லட்டும்?

உன்
பங்காளி