பழைய கணினிகளைக் கழிப்பதற்கு முன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கிராமங்களில் உள்ள பாடசாலைகளுக்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகள் பல, "மெமரி காணாது" என்ற ஒரே காரணத்தினால் பாவனைக்கு உதவாதவையென ஒதுக்கப்பட்டுள்ளன. உண்மையில் அவற்றுட் சிலவற்றில் நினைவகம் குறைவாக இல்லை; இருக்கும் நினைவகமே பயன்படாமற் கிடக்கிறது.

மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள பாடசாலை ஒன்றில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட கணினியொன்றை அண்மையில் திறந்து பார்த்தேன். லினக்ஸ் பணிசெயல் முறைமையின் 32 பிட் பதிப்பு நிறுவப்பட்டிருந்த அக்கணினி 2 ஜிகாபைட் மட்டுமே காட்டியது. உள்ளேயோ 2 ஜிகாபைட் அட்டைகள் இரண்டு இருந்தன. செம்மண் தூசி படிந்திருந்த அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, இருபுறக் கொளுக்கிகளும் விழும்வரை அழுத்திப் பொருத்தியதும் கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸ் மென்பொருள் 4 ஜிகாபைட்டையும் காட்டியது.

ஆயினும் லினக்ஸ் 3 ஜிகாபைட்டளவையே கண்டது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் குறிக்கும் 32 பிட் முகவரிகளால் 4 ஜிகாபைட் வரையே எண்ண முடியும். அந்த எல்லைக்குள்ளேயே வரைகலைச் சாதனம் முதலியவற்றுக்கும் முகவரிகள் ஒதுக்கப்படுவதால், அவ்விடத்து நினைவகம் மறைந்துவிடுகிறது. பயோஸில், மறைந்த பகுதிக்கு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளைத் தரும் நினைவக மறுவரைவுத் தெரிவை இயக்கி, அந்தச் செயலி 64 பிட்டுக்கு இசைவானதாக இருந்தமையால் 64 பிட் லினக்ஸையே நிறுவினேன். மறைந்திருந்த பகுதி மீண்டது. 32 பிட் செயலியாயின், 1995 இல் பென்டியம் புரோ செயலியுடன் வந்த, 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளையும் எட்டச் செய்யும் பிஏஇ வசதியுள்ள கேர்னல் (லினக்ஸின் கருப் பகுதி) உதவும். எனினும் சில பழைய தாய்ப்பலகைகள் இதற்கு இடந்தரா. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனின் 13 ஆம் வெளியீட்டில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் கைவிடப்பட்டுவிட்டதால், 64 பிட் செயலியுள்ள கணினிகளை இப்போதே 64 பிட் லினக்ஸுக்கு மாற்றுவது நல்லது.

நினைவகப் பாவனையைக் காட்டும் 'ஃப்ரீ' (free) கட்டளை தரும் அட்டவணையில், வெற்றிடத்தைக் குறிக்கும் 'free' நிரலிற் சிறிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சிய நினைவகத்தைக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு லினக்ஸ் எடுத்துக்கொண்டு, தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது, பயன்படுத்தக் கிடைக்கும் அளவைக் காட்டும் கடைசி நிரலையே ('available').

ஆகவே, எந்தக் கணினியையும் கழிப்புப் பட்டியலிற் சேர்ப்பதற்கு முன்னர், தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர் ஒருவர் அதனைத் திறந்து, உள்ளிருக்கும் அட்டைகளின் அளவையும் திரையிற் காட்டப்படும் அளவையும் ஒப்பிட்டு எழுதிக் கையொப்பமிட வேண்டுமென வலயக் கல்விப் பணிமனைகள் பணிக்க வேண்டும். நான் பார்த்தது ஒன்றை மட்டுமே. அதே அறையில் இன்னும் 11 கணினிகள் திறக்கப்படாமல் இருக்கின்றன.

இங்ஙனம்,
கணினி ஆசிரியர் ஒருவர்,
மாங்குளம்.