மலிவானது எப்படி என்று யாரும் கேட்கவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் கடைத்தெருக்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தீர்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, சனம் அங்கே போனது, கடைகள் மூடப்பட்டன என்று அதிலேயே விஷயம் முடிந்துவிட்டது. லண்டனில் கோயில் திருவிழாவுக்கும் அரங்கேற்றத்துக்கும் சவுண்ட் சிஸ்டம் போடுகிறவன் நான். இந்தக் கடைகளை நம்பித்தான் என் தொழில் ஓடியது. ஆன்லைனில் மலிவு என்பதை நான் மறுக்கவில்லை. எப்படி மலிவானது என்பதைத்தான் கட்டுரை கேட்கவில்லை.

பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஜெர்சி, கர்ன்சி தீவுகளிலிருந்து தபாலில் வரும் 18 பவுண்டுக்குள்ளான பொருளுக்கு வாட் வரி கிடையாது என்று ஒரு காலத்தில் சலுகை இருந்தது. சிடி, டிவிடி, மெமரி கார்டு எல்லாம் அந்த வழியாக வந்து குவிந்தன. இங்கிலாந்திலிருந்தே சரக்கைத் தீவுக்கு அனுப்பி, அங்கிருந்து உறை போட்டுத் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஹை ஸ்ட்ரீட் எனும் கடைத்தெருவில் வாடகை கொடுத்து அதே மெமரி கார்டை விற்றவரோ 20 சதவீதம் வரை வாட் வரியையும் விலையில் சேர்க்க வேண்டியிருந்தது. 2012 ஏப்ரலில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்குள் வாங்குகிறவர்களின் பழக்கம் மாறிவிட்டது.

பிறகு இணையச் சந்தைகளில் வெளிநாட்டு விற்பனையாளர்கள் வந்தார்கள். சரக்கு இங்கேயே கிடங்கில் இருக்கும், அவர்களில் பலர் வாட் மட்டும் கட்டமாட்டார்கள். 2015-16இல் இணைய விற்பனையில் இப்படிக் கைநழுவிய வாட் 100 முதல் 150 கோடி பவுண்ட் வரை இருக்கும் என்று வரித்துறையே மதிப்பிட்டது. அவர்கள் விற்பதற்கான வாட்டைச் சந்தை நடத்தும் தளமே கட்ட வேண்டும் என்ற விதி வர 2021 ஜனவரி ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? கோமெட் 1933இல் ஹல் நகரில் ரேடியோ பாட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துத் தொடங்கிய மின்சாதனக் கடை நிறுவனம். 2012 பிப்ரவரியில் அது ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியபோது விலை 2 பவுண்ட். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், இரண்டே பவுண்டுதான். அதே நவம்பரில் திவால். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசிக் கடைகளின் கதவும் மூடியது. 236 கடைகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை.

எலக்ட்ரானிக்ஸ் உதிரிப்பாகங்கள் விற்ற மேப்ளின் திவாலானது 2018 பிப்ரவரி 28. எசெக்ஸில் 1972இல் தபால் வியாபாரமாகத் தொடங்கி, பிறகு கடை திறந்து 200 கிளைகளுக்கு மேல் வளர்ந்தது என்பது வேடிக்கையான விஷயம். அதன் தலைமை சொன்ன காரணங்கள் மூன்று: பிரெக்சிட்டுக்குப் பின் பவுண்ட் விழுந்தது, மக்கள் செலவைக் குறைத்தது, கடன் காப்புறுதி விலக்கப்பட்டது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. சரக்கு கொடுப்பவர்கள் கடனுக்குத்தான் கொடுப்பார்கள், பணம் வராமல் போனால் ஈடுகட்டக் காப்புறுதி இருக்கும். "இந்தக் கடைக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை" என்று காப்புறுதி நிறுவனம் கைகழுவினால், அத்தனை பேரும் கையில் காசு கேட்பார்கள். அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த கடைகூடச் சில மாதத்தில் படுத்துவிடும்.

அந்தக் கடைகளில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு ஃபியூஸ் கதை. ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பது 20 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடி ஃபியூஸ். மூடியில் T என்று பொறித்திருந்தால் மெதுவாக உருகும் வகை, F என்றால் சட்டென்று உருகுவது. பெரிய ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் நொடியில் மின்னோட்டம் எகிறும். அங்கே F போட்டால் போட்டதும் போய்விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கவுண்டரில் இருந்த பையன் "எந்த மெஷினுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் டிராயரைத் திறப்பான். ஆறு மணிக்கு நட்டுவாங்கம் தொடங்க வேண்டும், ஐந்து மணிக்கு ஆம்ப் செத்துக் கிடக்கிறது என்றால், நாளை காலை வீடு தேடி வரும் ஃபியூஸால் என்ன பிரயோசனம்? இப்போது வேனில் ஒரு பெட்டி நிறைய உதிரிப்பாகம் சுமந்து திரிகிறேன். அந்தச் செலவையும் விழாக்காரர்கள் தலையில்தான் கட்டுகிறேன், வேறு வழியில்லை.

கடைக்காரர்கள் எல்லாம் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை ஆன்லைன் விலையைப் போல மூன்று நான்கு மடங்குக்கு விற்ற கடைகள் இருந்தன. டிவி வாங்கப் போனால் நீட்டித்த வாரண்டி எடுங்கள் என்று விடாமல் நச்சரிப்பார்கள். விவரம் தெரிந்த பழைய ஆட்களை அனுப்பிவிட்டு, பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அதனால் போன வாடிக்கையாளர்கள் நியாயமாகத்தான் போனார்கள்.

ஆனால் பிசினஸ் ரேட்ஸ் கடைக்காரர் செய்த தப்பு இல்லை. லாபமா நட்டமா என்று பார்க்காமல், கட்டிடத்தின் வாடகை மதிப்பின் மேல் போடும் வரி அது. ஹை ஸ்ட்ரீட்டில் சதுர அடிக்கு அந்த மதிப்பு எங்கே, மோட்டார்வே ஓரக் கிடங்குக்கு எங்கே! இதைச் சரிக்கட்ட ஆன்லைன் விற்பனைக்கு வரி போடலாமா என்று 2022 பிப்ரவரியில் அரசு கருத்துக் கேட்டது, நவம்பரில் கைவிட்டது. 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கடைகளுக்குக் குறைந்த விகிதமும், வாடகை மதிப்பு 5 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டிடங்களுக்குக் கூடிய விகிதமும் என்று மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கடைகளுக்கு இருந்த 40 சதவீதச் சலுகையும் அதோடு முடிந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தாயிற்று.

வெளிநாட்டிலிருந்து வரும் 135 பவுண்டுக்குள்ளான பொட்டலத்துக்குச் சுங்க வரி விலக்கு இருக்கிறது. அதை 2029 மார்ச்சுக்குள் எடுக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. 2012இலும் 2021இலும் வந்த மாதிரியே இதுவும் ஆற அமர வருகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டியவர்களில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் போன் கடையும் ரிப்பேர் கடையும் வைத்திருக்கும் நம்மவர்களும் உண்டு. அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் அவர்களிடம் போகட்டும். விலைப்பட்டியலைக் கேட்பதோடு நிற்காமல், இந்த ஆண்டு வந்த ரேட்ஸ் பில்லையும் கேட்டு வாங்கி, போன ஆண்டு பில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹாரோ, லண்டன்