பொறி பறக்கவிட்டு பேட்டரியைச் சோதிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடைக்கால வாகனப் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், டயருக்கும் ரேடியேட்டருக்கும் கிடைத்த இடத்தில் கால் பங்குகூட பேட்டரிக்குக் கிடைக்கவில்லை. பேருந்துப் பணிமனையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று அறிய, இரண்டு டெர்மினல்களுக்கும் குறுக்கே ஒரு வயர்த் துண்டை உரசி, பறக்கும் பொறியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் சாலையோரப் பட்டறைகளில் இன்னும் ஒழியவில்லை. ஈய அமில பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது, அதிலும் நிறைந்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும்போது, உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மூடித் துளைகளின் வழியே வெளியேறுகின்றன. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும்; அதற்கு மிகச் சிறிய பொறியே போதும். வெடித்தால் பிளாஸ்டிக் பெட்டி சில்லுகளாகச் சிதற, உள்ளே உள்ள கந்தக அமிலம் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தில்தான் தெறிக்கும். பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்ற துணிச்சலுக்கு இங்கே பொருளே இல்லை. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று விற்கப்படும் பேட்டரிகளிலும் வாயு வெளியேற வழி உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கியும் அந்தச் சோதனையால் தெரிவது ஒன்றுமில்லை. நலிந்த பேட்டரியும் நன்றாகவே பொறி காட்டும். வோல்ட்டை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை, வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து வைத்துப் பார்த்தால், 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது என்றும், 12-க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறையக் காலி என்றும் அறியலாம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், உள்ளிருக்கும் அறைகளில் எது (எந்த செல்) கெட்டிருக்கிறது என்பதை, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரி வயர்களைக் கழற்றும் வரிசையும் பொறியைத் தவிர்ப்பதற்காகவே ஏற்பட்டது. இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகும். எனவே நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும். வேறொரு பேட்டரியின் உதவியால் வண்டியைக் கிளப்ப ஜம்பர் கேபிள் போடுகையிலும் கடைசி கவ்வியைத் தீர்ந்துபோன பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி, என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுவதே முறை.

கோடையில் குறைவது பெரும்பாலும் நீர்தான் என்பதால் டிஸ்டில்ட் வாட்டரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட்டை ஊற்றினால் தகடுகள் விரைவில் கெடும். கண்ணில் ஆசிட் தெறித்தால், குறைந்தது 15 நிமிடம் இமைகளை விரித்துப் பிடித்துத் தண்ணீரால் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பேட்டரியின் மேற்புறத்தில் கண்ணாடி அணிந்த முகம், தீ கூடாது என்னும் குறி போன்ற படங்கள் இருக்கின்றன. பட்டறைகளில் அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, உத்தரவாத அட்டையோடு சேர்த்து விற்பனையாளர்கள் தர வேண்டும் எனப் போக்குவரத்துத் துறை வற்புறுத்தலாம். தங்கள் நாளிதழும் வாகனப் பகுதியில் அந்தப் படங்களை ஒருமுறை விளக்கத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பணிமனை ஊழியர்,
ஈரோடு.